கடற்படைக்குக் கணக்குப் போட்ட ஃபிஷர்

இலங்கை மலைநாட்டு இறம்பொடையில் 1841ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ஃபிஷர். தந்தை படை அதிகாரியாக இருந்து, பின் காப்பித் தோட்டம் வைத்துக் கடனில் தவித்தவர். 13 வயதில் கடற்படையில் சேர்ந்த சிறுவன், 1904இல் பிரிட்டிஷ் கடற்படையின் தலைவரானார்.

அரசோ செலவைக் குறைக்கச் சொன்னது. ஜெர்மனியோ கப்பல்களைப் பெருக்கியது. போரிடவும் இயலாத, விரைந்து ஓடவும் இயலாத ஏறத்தாழ 150 பழங்கப்பல்களை ஃபிஷர் கழித்துக் கட்டினார். அவற்றின் மாலுமிகளைப் புதிய கப்பல்களுக்கு மாற்றினார். 1906இல் 'டிரெட்நாட்' கடலில் இறங்கியது. பத்துப் பெரும் பீரங்கிகள், நீராவிச் சுழலி, மணிக்கு 21 கடல் மைல் வேகம். விலை ஏறத்தாழ 18 இலட்சம் பவுன். அதன் முன் உலகின் போர்க்கப்பல்கள் யாவும் பழையவையாயின, பிரிட்டனுடையவையும்தான்! போட்டி முற்றியது. 1909இல் அரசு நான்கு கப்பல் போதும் என்றது. கடற்படை ஆறு கேட்டது. முடிவில் எட்டு கட்டப்பட்டன.

அறிவியல் மாணவனாகிய என்னைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. கப்பல் தாங்கும் எடைக்கு எல்லை உண்டு. வேகத்துக்காக எஞ்சினைப் பெரிதாக்கினால் கவசத்தைக் குறைக்க வேண்டும். ஃபிஷர் விரும்பிய போர்க் குரூசர்கள் அவ்வாறு பிறந்தவை. 1916 மே 31இல் ஜட்லண்ட் போரில் அவற்றுள் மூன்று வெடித்து மூழ்கின. 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதும் ஒரு காரணமே. 1920இல் ஃபிஷர் மறைந்தார்.

காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். வீண்செலவை வெட்டிய ஃபிஷரைப் போற்றுகிறேன். ஆனால் கவசத்தில் செய்த சிக்கனத்துக்கு விலை கொடுத்தவர்கள் மாலுமிகள் அல்லவா? வரவு செலவு ஏட்டில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.