படத்தை எதிர்த்து அதே படத்தில் பாடியவர்!

கதாநாயகன் போதைப்பொருள் விற்பவன். பளபளக்கும் கோட்டு, நீளமான கார் என்று ஜோராக வருகிறான். அந்தப் படத்துக்குப் பாட்டுப் போட்டவரோ போதைக்கு எதிராகப் பாடினார். படத்தைவிடப் பாட்டுக்குத்தான் பெரிய பெயர் கிடைத்தது!

அவர்தான் கர்டிஸ் மேபீல்டு. அமெரிக்கக் கறுப்பர் இனப் பாடகர்.

பாட்டி தந்த பாட்டு

1942-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே அப்பா பிரிந்து போய்விட்டார். அம்மாவும் பாட்டியும் வளர்த்தார்கள். பாட்டி தேவாலயப் போதகர். அங்கேதான் கர்டிஸ் பாட ஆரம்பித்தார்.

கிட்டாருக்கு வாத்தியார் கிடையாது. பியானோவின் கறுப்புக் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, அந்தச் சுரத்துக்குத் தந்திகளை முறுக்கி வைத்துக்கொண்டார். மற்றவர்கள் வாசிக்கும் முறையே வேறு. அவர் தன் முறையை மாற்றவே இல்லை.

படிப்பைப் பாதியில் விட்டு "இம்ப்ரஷன்ஸ்" குழுவில் பாடினார். 1958-ல் முதல் வெற்றி. 1960-களில் கறுப்பர்களின் உரிமைப் போராட்டத்தில் அவர் எழுதிய பாட்டுகள் ஒலித்தன. பாடகர்களிடம் உரிமையைக் கம்பெனிகளே வாங்கிக்கொண்ட காலம் அது. அவரோ தன் பாட்டுகளின் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். 1968-ல் சொந்த இசைத்தட்டுக் கம்பெனியும் தொடங்கினார்.

அடிதடிப் படங்கள்

1971-ல் "ஷாப்ட்" படம் சக்கைப்போடு போட்டது. அதன் பாட்டுக்காக ஐசக் ஹேஸ் ஆஸ்கார் பரிசும் பெற்றார். உடனே கறுப்பர்களைக் கதாநாயகர்களாக வைத்து அடிதடிப் படங்கள் வரிசையாக வந்தன. திருடர்களாகவும் ரவுடிகளாகவும் காட்டுகிறார்களே என்று கறுப்பர் அமைப்புகளே அவற்றைக் கண்டித்தன.

1972-ல் வந்தது "சூப்பர் பிளை". நியூயார்க் ஹார்லம் பகுதியில் கொக்கெயின் விற்பவனின் கதை. படத்தைப் போட்டுப் பார்த்த மேபீல்டுக்கு அது கொக்கெயினுக்கு விளம்பரம் மாதிரியே தெரிந்தது.

அவர் விலகி ஓடவில்லை. பாட்டிலேயே பதில் சொன்னார். பிரெட்டி என்ற ஏமாளி அந்தத் தொழிலில் சிக்கிச் சாகிறான். அவனுக்காக ஒரு பாட்டு எழுதினார். படத்தில் அதன் மெட்டு மட்டும்தான் வந்தது. வரிகள் இசைத்தட்டில் வந்தன. படத்தில் வரிகள் இல்லாததால் ஆஸ்கார் போட்டிக்கே அது தகுதி பெறவில்லை.

ஆனால் மக்கள் விடவில்லை. அந்த ஒரு பாட்டு மட்டும் 10 லட்சம் இசைத்தட்டுக்கு மேல் விற்றது. படத்தின் முழு இசைத்தட்டு 4 வாரம் முதல் இடத்தில் நின்றது.

மேடையில் விபத்து

1990-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி. நியூயார்க் புரூக்ளினில் திறந்தவெளிக் கச்சேரி. திடீரென்று பலத்த காற்று அடித்தது. விளக்குச் சட்டம் சரிந்து மேபீல்டு மீது விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கச் செயலிழந்தது. அப்போது வயது 48.

தானாகப் பழகிய கிட்டாரை அதன்பின் தொடவே முடியவில்லை. ஆனாலும் பாட்டை விடவில்லை. மல்லாந்து படுத்தால்தான் பாடும் அளவுக்கு மூச்சு வந்தது. ஒரு வரி பாடுவார், மூச்சு வாங்குவார், அப்புறம் அடுத்த வரி. இப்படியே ஒரு முழு இசைத்தட்டை முடித்தார். 1996-ல் அது வெளிவந்தது.

1998-ல் சர்க்கரை நோயால் வலது காலை எடுத்துவிட்டார்கள். 1999-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஜார்ஜியா மாநிலத்தில் காலமானார். அவருக்கு வயது 57.