ஜோன் மோசஸ் பிரவுனிங் (1855 – 1926)

மாணவர்களே, கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பிரதான வீதியில் பிலிமத்தலாவையைக் கடந்து சென்றிருப்பீர்கள். வீதியோரக் கடைகளில் பித்தளை விளக்குகளும் தட்டுகளும் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் செய்யும் பட்டறையொன்றுக்குள் சென்றால் அரத்தின் ஓசையே அதிகம் கேட்கும். ஒரு பாகம் மற்றதனுடன் பொருந்தாவிட்டால் சிறிது அராவி, மறுபடி பொருத்திப் பார்ப்பார்கள். இவ்வேலையையே வாழ்நாள் முழுவதும் செய்த ஒருவரைப் பற்றி இங்கு படிக்கப் போகிறீர்கள். ஆனால் அவர் செய்தது விளக்கன்று, துப்பாக்கி.

கண்டி இராச்சியக் காலத்திலும் துப்பாக்கி செய்யும் கம்மியர் இருந்தனர். அக்காலத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டபின் குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் மீண்டும் இட்டு இடிக்க வேண்டும். இத்தாமதத்தை இல்லாமற் செய்தவர்களுள் முதன்மையானவர் பிரவுனிங்.

அவர் 1855 ஜனவரி 23இல் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்திலுள்ள ஒக்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை ஜொனதன் துப்பாக்கித் திருத்துநர். வீட்டில் மூன்று தாய்மாரும் இருபத்திரண்டு பிள்ளைகளும் இருந்தனர். பட்டறையே ஜோனுக்கு விளையாட்டிடம். கழித்து ஒதுக்கிய இரும்பிலிருந்து சிறு வயதிலேயே துப்பாக்கி செய்தார். உயர்கல்வி எதுவும் பெறவில்லை. உடைந்த துப்பாக்கிகளைத் திருத்தித் திருத்தி, அவை எங்கே பிழைக்கின்றன என்பதைக் கற்றார்.

1879இல் தந்தை இறந்தார். அதே ஆண்டில் முதலாவது ஆக்கவுரிமையைப் பெற்றார். 1883இல் வின்செஸ்டர் கம்பனியின் அதிகாரி பெனெட் ஒக்டனுக்கு வந்து அத்துப்பாக்கியின் உரிமையை 8,000 டொலருக்கு வாங்கினார். அடுத்த பல ஆண்டுகள் பிரவுனிங்கின் புதிய அமைப்புகள் அக்கம்பனிக்கே சென்றன.

1889இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கவனியுங்கள். துப்பாக்கிப் பயிற்சியின்போது குழல் வாயிலிருந்து வெளிப்பட்ட வாயு அருகிலிருந்த புற்களைச் சாய்ப்பதை அவர் கண்டார். எத்தனையோ பேர் கண்டிருப்பார்கள்! வீணாகும் அச்சக்தியைக் கொண்டு துப்பாக்கி தன் வேலையைத் தானே செய்தால் என்ன என்று எண்ணியவர் அவர். அன்றே வேலையைத் தொடங்கினார்.

இங்கு உங்கள் விஞ்ஞானப் பாடத்தை நினைவுகூருங்கள். 15 கிராம் நிறையுடைய ரவை செக்கனுக்கு 250 மீற்றர் வேகத்திற் சென்றால் அதன் உந்தம் 0.015 × 250, அதாவது 3.75 அலகு. ரவை முன்னோக்கிச் செல்ல, அதே அளவு உந்தம் பின்னோக்கியும் கிடைக்கும். கைத்துப்பாக்கியின் மேலுள்ள உருக்கு மேலுறை இவ்வுந்தத்தாற் பின்னே வழுக்குகிறது. அப்போது வெற்றுக் கோதைக் கொளுவி இழுத்து வெளியே எறிகிறது. ஒரு வில்லையும் அமுக்குகிறது. வில் விரியும்போது மேலுறை முன்னே வந்து, ரவைக்கூட்டின் மேலிருக்கும் அடுத்த ரவையைத் தள்ளி, சரிவு வழியாக அறைக்குள் ஏற்றி, பூட்டிக்கொள்கிறது. இவை அனைத்தும் கண் இமைக்கும் நேரத்திற்குள் நடந்துவிடும். 1900இல் பெல்ஜியத்தின் எப்.என். தொழிற்சாலை விற்பனைக்கு விட்ட அவரது கைத்துப்பாக்கியே இத்தகைய மேலுறை கொண்டவற்றுள் முதலாவது.

சொல்ல இலகு, செய்யக் கடினம். வில் தளர்ந்தால் மேலுறை முழுதாக மூடாது. ரவைக்கூட்டின் விளிம்பு சற்று வளைந்தாலும் ரவை சரிவில் முட்டி நிற்கும். கொளுவி தேய்ந்தால் வெற்றுக் கோது அறையிலேயே தங்கிவிட, பின்னால் வரும் ரவை அதனுடன் மோதும். அழுக்கும் காய்ந்த எண்ணெயும் இவை எல்லாவற்றையும் மோசமாக்கும். சுடுபவர் கையைத் தளரப் பிடித்தாற்கூட மேலுறை போதிய தூரம் பின்செல்லாது. ரவை சரியாக ஏறிப் பூட்டாத நிலையிற் சுட்டால் சுடுபவருக்கே ஆபத்து. ஆகவே மேலுறை முழுதாக மூடும்வரை விசையின் தொடர்பைத் துண்டிக்கும் சிறு துண்டொன்றை அவர் உள்ளே வைத்தார். என் கருத்தில் அவரது மிகச் சிறந்த வேலை இதுவே.

(இது விளங்கிக்கொள்வதற்கு மட்டும். வெடிக்காத ரவை பிந்தியும் வெடிக்கலாம். வயலிலோ காணியிலோ ரவை கண்டெடுத்தால் தொடாமற் பொலிஸாருக்கு அறிவியுங்கள். இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி குற்றம்.)

1902இல், தானாக ரவை ஏறும் வேட்டைத் துப்பாக்கிக்கு விற்பனைப் பங்கு கேட்டபோது வின்செஸ்டர் இணங்கவில்லை. அவர் றெமிங்டன் கம்பனிக்குச் சென்றார். தலைவரைக் காண வெளியே காத்திருக்கையில் அத்தலைவர் மாரடைப்பால் இறந்த செய்தி வந்தது. பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியம் சென்றார்.

1911 மார்ச் மாதம் அமெரிக்க இராணுவம் இரு கைத்துப்பாக்கிகளைச் சோதித்தது. ஒவ்வொன்றும் 6,000 தடவை சுட வேண்டும். 100 தடவைக்கொரு முறை ஆறவிட்டு, 1,000 தடவைக்கொரு முறை துடைத்து எண்ணெயிட்டார்கள். போட்டித் துப்பாக்கி 37 முறை பிழைத்தது. பிரவுனிங்கின் கோல்ட் துப்பாக்கி ஒரு முறையேனும் சிக்கவில்லை. மார்ச் 29இல் அது ஏற்கப்பட்டு, 1985வரை இராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது.

அதே 1911இல், ஜூன் 17ஆந் திகதி, தமிழ்நாட்டின் மணியாச்சிப் புகையிரத நிலையத்தில் வாஞ்சிநாதன் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்திற் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் மனைவியாரையும் கொன்றதும் எப்.என். தொழிற்சாலையின் பிரவுனிங் துப்பாக்கியே. அதைத் தொடர்ந்து முதலாம் உலகப் போர் மூண்டது. பிரவுனிங்கின் திறமையை மெச்சும்போது இவற்றை மறைப்பது நேர்மையாகாது. கருவி சிக்காமல் இயங்கியதனாலேயே இவையும் நடந்தன.

அவர் 128 ஆக்கவுரிமைகளைப் பெற்றார். 1926 நவம்பர் 26இல், பெல்ஜியத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சு நோவுற்று, மகன் வாலின் அலுவலக அறையில் உயிர்நீத்தார். உடல் ஒக்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது. பாதியில் நின்ற இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் எஞ்சிய வேலையை மகன் ஏற்றார். பதின்மூன்று ரவை கொள்ளும் கைத்துப்பாக்கியை சேவ் என்னும் பெல்ஜியப் பொறியியலாளர் முடித்துக்கொடுக்க, 1935இல் அது வெளிவந்தது.