மருத்துவ மேதை ரிச்சர்ட் பிரைட்

சிறுநீரகம் பழுதுற்றோர் பலரின் உயிரை இறுதியில் கவர்வது இதய நோயே என்பது இன்று மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. இவ்விரு உறுப்புகளுக்கும் உள்ள தொடர்பை, இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வழக்கத்திற்கு வராத காலத்திலேயே ஆராய்ந்து உரைத்த பேரறிஞர் டாக்டர் ரிச்சர்ட் பிரைட் ஆவார். அன்னாரது வரலாற்றை நம் தமிழ்க் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

பிரைட் 1789ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரில், செல்வமிக்க வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று வருகையில், 1810இல் ஐஸ்லாந்து தீவுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து, அங்குள்ள செடிகளையும் உயிரினங்களையும் பற்றிக் குறிப்பெடுத்தார். 1813இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஹங்கேரி நாட்டில் சுற்றுப்பயணம் செய்து, தம் கையால் வரைந்த படங்களுடன் 1818இல் ஒரு பயண நூலும் வெளியிட்டார். கண்டதைக் கண்டவாறே எழுதவும் வரையவும் பெற்ற பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1820இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் துணை மருத்துவராக அமர்ந்து, 1824இல் முழுநிலை மருத்துவரானார். இதற்கிடையே அவர் மணந்த மங்கை நல்லாள், மணமான மறு ஆண்டே மகப்பேற்றினை அடுத்து மறைந்தார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு, பிரைட் நோயாளிகளின் பணியில் முழுமனத்துடன் ஈடுபட்டார்.

அந்நாளில் முகமும் காலும் வீங்கி நோயாளிகள் பலர் மருத்துவமனைக்கு வருவர். வீக்கத்தையே தனியொரு நோயென மருத்துவர்கள் கருதினர். பிரைட்டோ, நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார். சிலருடைய சிறுநீர் முட்டை வெண்கருவைப் போல் திரைந்தது. உடலில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்னும் சத்து சிறுநீரில் வெளியேறுவதற்கு அது சான்று. அந்நோயாளிகள் இறந்தபின் உடலைப் பரிசோதித்தபோது, அவர்களுடைய சிறுநீரகங்கள் கெட்டிருக்கக் கண்டார். வந்த சரக்கின் பேரேட்டையும் சென்ற சரக்கின் பேரேட்டையும் வரி வரியாக ஒப்பிடும் கணக்கரைப் போல், படுக்கையருகே எழுதிய குறிப்பையும் பிண ஆய்வில் எழுதிய குறிப்பையும் அவர் ஒப்பிட்டு வந்தார். அதன் பயனை 1827இல் வண்ணப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். அந்நோய்க்குப் பிரைட் நோய் என்ற பெயரே நெடுங்காலம் வழங்கியது.

1836இல் 100 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து அவர் வெளியிட்டது மற்றொரு பெரும்பணி. அவர்களுள் 52 பேருக்கு இதயம் பருத்திருந்தது. அவர்களில் 34 பேருக்கு இதய வால்வுகளில் யாதொரு குறையும் இல்லை. அங்ஙனமாயின் இதயம் பருத்தது எதனால்? சிறுநீரகக் கோளாற்றால் தன்மை மாறிய இரத்தம் இதயத்தை நேரே தூண்டியிருக்கலாம். அல்லது நுண்ணிய குழாய்களில் ஓட்டம் தடைப்பட, இரத்தத்தைச் செலுத்த இதயம் மிகையாக உழைத்திருக்கலாம் என்று அவர் கருதினார்.

அதே 1836இல்தான், நம் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன் குப்தா சமூகத் தடையைப் பொருட்படுத்தாது மனித உடலை அறுத்து ஆய்ந்தார். பிரைட் கையாண்ட ஆய்வு வழிக்கு இந்நகரிலும் அன்று வாயில் திறந்தது எனலாம்.

1842இல் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகள் கொண்ட தனிப் பகுதி கைஸ் மருத்துவமனையில் அமைந்தது. 1858 டிசம்பர் 16ஆம் நாள் பிரைட் தமது 69ஆம் வயதில் காலமானார். இதயத்தின் மகாதமனி வால்வு பழுதுற்றிருந்தது அவரது உடலை ஆய்ந்தபோது தெரியவந்தது. பிறர் இதயங்களை ஆராய்ந்தவரின் உயிரையும் இதயமே கொண்டு சென்றது.

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி இரத்த அழுத்தமானியை அமைத்தபின், பிரைட் ஊகித்த மிகையுழைப்பை அளந்தறிய இயன்றது. 1931இல் நம் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். உப்பும் நீரும் உடலில் தங்குதல், இரத்த சோகை, இரத்தக் குழாய்களில் சுண்ணாம்புச் சத்து படிதல் ஆகியனவும் இதயத்தை நலிவிக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. இரத்தத்தைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் வந்தபின்னும் இதய நோயின் அச்சம் முற்றும் நீங்கவில்லை.

காளிகாட் வாழ் அன்பர்களே! சிறுநீரகம் கெடும்போது தொடக்கத்தில் வலி தோன்றுவது அரிது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோர் ஆண்டுதோறும் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்வது கடமை. அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றின் உப்பையும் சற்றுக் குறைத்தல் வேண்டும். கரண்டியும் மெழுகுவர்த்தியும் கொண்டு அப்பெரியார் தொடங்கிய சோதனை, இன்று நம் தெருமுனை ஆய்வுக்கூடத்திலேயே கிடைக்கிறது. அதனைப் பயன்படுத்திக் கொள்வோமாக.