மசோதாவைக் கைவிடாத எம்.சி. ராஜா

சென்னையில் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி தெரிந்த பெயர். அங்கே தங்கிப் படித்துப் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஆனால் அந்த எம்.சி. ராஜா யார் என்று கேட்டால், பலருக்கும் பதில் சொல்லத் தெரிவதில்லை. அரண்மனை ராஜா என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர் ராஜ வம்சத்தவர் அல்லர், பள்ளி ஆசிரியர்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883-ஆம் ஆண்டு பரங்கிமலையில் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்தில் அவர் சமூகத்துப் பிள்ளை ஒருவர் பட்டம் பெறுவது அபூர்வம். ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே ஆதிதிராவிட மகாஜன சபையை வளர்த்தார். 1916-இல் அதன் செயலாளரானார்.

1920-இல் சென்னை மாகாண சட்டசபைக்கு நீதிக்கட்சியின் சார்பில் சென்றார். தம் மக்களுக்காகச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பிரதிநிதிகளில் அவர் ஒருவர். அங்கே அவர் செய்த குறிப்பிடத்தக்க முதல் வேலை, பெயரை மாற்றியது. அரசாங்க ஏடுகளில் இழிவாக எழுதப்பட்டு வந்த பெயர்களை நீக்கி, ஆதிதிராவிடர் என்றே குறிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1922-இல் அதற்கான அரசாணையும் வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பள்ளிப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் சொல் அதன் ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது. பேரேட்டில் தலைப்பைத் தவறாக எழுதிவிட்டால் அடியில் வரும் கணக்கெல்லாம் தவறாகப் போகும் என்பது வங்கியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

பக்கிங்காம் - கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது 1921-இல் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. அதில் ஆதிதிராவிடர்கள் மீதே பழி போட்ட கட்சித் தலைவர்களின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. பதவிகளிலும் தம் மக்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை. 1923-இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார்.

1927-இல் தில்லியிலுள்ள மத்திய சட்டசபைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து அந்தச் சபைக்குப் போன முதல் மனிதர் அவர்தான். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் அமர்ந்த அவையில் பின்னால் கட்சி பலம் எதுவும் இல்லாமல் பத்து ஆண்டுகள் இருந்தார்.

அவருடைய எல்லா முடிவுகளும் பாராட்டப்பட்டன என்று சொல்ல முடியாது. சைமன் கமிஷனைக் காங்கிரஸ் புறக்கணித்தபோது, அதனுடன் இயங்கிய இந்திய மத்தியக் குழுவில் இவர் இடம்பெற்றார். தனித்தொகுதி பற்றிய வாதம் வந்தபோது, 1932-இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு போதும் என்றார். தனி வாக்காளர் தொகுதி கேட்ட டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் இதை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டபோது ராஜாவும் அதில் கையெழுத்திட்டார். பொதுவாக்காளர் எல்லோரும் சேர்ந்து வாக்களித்து, ஒதுக்கப்பட்ட இடத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை இப்படித்தான் நிலைத்தது.

ஒப்பந்தம் ஆன கையோடு கோயில் நுழைவுப் பேச்சு சூடு பிடித்தது. தீண்டாமை வழக்கத்துக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கும் மசோதாவை சி.எஸ். ரங்க ஐயர் 1933 மார்ச்சில் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். ராஜா அதை ஆதரித்தார். வெளியிலிருந்து காங்கிரஸ் தலைவர்களும் ஊக்கம் கொடுத்தார்கள். மசோதா பொதுமக்கள் கருத்துக்காக மாகாணங்களுக்குச் சுற்றுக்கு அனுப்பப்பட்டது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. இதற்கிடையில் 1934 தேர்தல் நெருங்கியது. வாக்காளர் மனம் கோணும் என்ற கணக்கில் ஊக்கம் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். கொண்டுவந்தவரே ஆகஸ்டில் மசோதாவை விலக்கிக்கொண்டார்.

1937 தேர்தலுக்குப் பின் சில மாதங்கள் இருந்த இடைக்கால மந்திரிசபையில் ராஜா வளர்ச்சித்துறை மந்திரியாக இருந்தார். ஜூலையில் ராஜாஜி பிரதமரானதும் இவர் சட்டசபையில் சாதாரண உறுப்பினர். ஆனால் அவர் வாழ்வின் பெரிய ஆண்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

1938-இல் அவர் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். முதலாவது, சமூக உரிமைத் தடைகளை நீக்கும் மசோதா. பொதுச்சாலை, கிணறு, குளம், பொது வாகனம், பள்ளிக்கூடம் ஆகியவற்றில் ஒருவரைச் சாதியின் பெயரால் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். ராஜாஜியின் அரசு துணை நின்றது. மசோதா சட்டமானது. தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகாவாக இருந்த நம் கள்ளக்குறிச்சியின் கிணறுகளுக்கும் தெருக்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது.

இரண்டாவது, மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு மசோதா. இங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. முதலில் மலபாரில் செய்துபார்ப்போம், படிப்படியாகப் போகலாம் என்பது ராஜாஜியின் நிலை. மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டார். ராஜா மறுத்து வாக்கெடுப்பைக் கோரினார். தோற்பது உறுதி என்று தெரிந்துதான் கோரினார். மசோதா தோற்றது. அவரை அதிகம் வருத்தியது தோல்வி அல்ல. ஒதுக்கப்பட்ட இடங்களில் காங்கிரஸ் சார்பில் வென்று வந்த தம் சமூகத்து உறுப்பினர்களும் கட்சிக் கட்டளைப்படி எதிர்த்து வாக்களித்ததுதான். அவர் காந்தியடிகளுக்கு எழுதினார். ராஜாஜியை நம்பும்படி பதில் வந்தது.

ராஜாஜியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தவர் அவர்தான். ஆயினும் மாகாணம் முழுவதற்கும் கோயில் கதவைத் திறந்த சட்டம் 1947-இல்தான் வந்தது. அப்போது பிரதமராக இருந்தவர் நம் தென்னார்க்காட்டு ஓமந்தூரார். அதைப் பார்க்க ராஜா இல்லை. 1942-இல் கிரிப்ஸ் திட்டத்தை அம்பேத்கருடன் சேர்ந்து எதிர்த்துவிட்டு, 1943-இல் காலமானார்.

இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு? நம் கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கள்ளக்குறிச்சி, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் தாழ்த்தப்பட்டோருக்கும், ஏற்காடு பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. ராஜா கையெழுத்திட்ட கூட்டுத் தொகுதி முறைப்படிதான் நாம் இன்றும் வாக்களிக்கிறோம். அவர் 1938-இல் கண்ட சங்கடமும் தொடர்கிறது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுவதால், யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற பதிவே இருப்பதில்லை.

சட்டம் வந்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம் கண்ணெதிரே சாட்சி உண்டு. கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே உள்ள தூரத்தைச் சட்டம் கடக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஆகவே குடியிருப்போர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். மக்களவை இணையதளத்தில் நம் உறுப்பினரின் கேள்விகளும் விவாதப் பேச்சுகளும் தனிநபர் மசோதாக்களும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல, கூட்டத்தொடருக்கு ஒருமுறை அதையும் பாருங்கள். மலை மக்களின் நிலம், காடு பற்றிய மசோதா வந்தால் அவர் எழுந்து பேசினாரா என்று பாருங்கள். பேசவில்லை என்றால், ஊருக்கு வரும்போது மரியாதையாகக் கேளுங்கள். தொகுதிக்கு அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.