எஃகுக் குண்டு கண்ட பிஷர்

கீழைக் கடலோரத்தில் அமைந்த எழில்மிகு நகரம் புதுச்சேரி. பிரெஞ்சியர் வகுத்த அதன் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வன. மேடு பள்ளம் அருகிய அத்தெருக்கள் மிதிவண்டி ஊர்வார்க்குப் பெரிதும் ஏற்றவை. ஆயினும் கடற்கரையோரம் நாள்தோறும் ஓடும் வண்டி சில காலம் சென்றதும் கறகறவென ஒலிக்கத் தொடங்கும். சக்கரத்தைப் பற்றி அசைத்தால் அது இருபுறமும் ஆடும். உப்புக் காற்றும் மழைநீரும் சக்கரத்தின் குடத்தினுள் புகுந்து, அங்குள்ள எஃகுக் குண்டுகளைத் துருவேறச் செய்தமையே இதற்குக் காரணமாகும்.

பழுது பார்ப்பவர் அச்சைக் கழற்றித் தேய்ந்த குண்டுகளை உதிர்த்துவிட்டு, மசகு தடவிப் புதியனவற்றை இடுவார். நம் நாட்டு வழக்கமான மிதிவண்டியின் முன்சக்கரக் குடத்தில் பக்கத்திற்கு 10 குண்டுகளும், பின்சக்கரக் குடத்தில் பக்கத்திற்கு 9 குண்டுகளும் இருக்கும். சிறுவர் இவற்றைப் 'பால்ரஸ்' என்று கூறி விளையாடுவர். இன்று சிறுதொகைக்குக் கைநிறையக் கிடைக்கும் இக்குண்டுகள் ஒரு காலத்தில் கிடைத்தற்கு அரியனவாய் இருந்தன. அவ்வருமையை நீக்கி, உலகத்துச் சக்கரங்களையெல்லாம் எளிதில் உருளச் செய்தவர் பிரீட்ரிக் பிஷர் என்னும் பெரியார். அவர் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஜெர்மனி நாட்டின் பவேரியப் பகுதியில், மைன் ஆற்றங்கரையில் அமைந்தது ஷ்வைன்பூர்ட் என்னும் ஊர். அவ்வூரில் 1849-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள் பிஷர் பிறந்தார். தந்தையார் பிலிப் மோரிட்ஸ் பிஷர் இசைக்கருவிகள் செய்வதில் வல்லவர். காலால் தரையை உந்திச் செலுத்திய பழைய இருசக்கர வண்டியின் முன்சக்கரத்தில் மிதிகட்டைகளைப் பொருத்திப் பார்த்தவரும் அவரே. அவ்வண்டி செய்யப்பட்ட ஆண்டு எது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், மைந்தரின் உள்ளத்தில் கைத்தொழில் ஆர்வத்தையும் மிதிவண்டிப் பற்றையும் தந்தையார் விதைத்தார் என்பதில் ஐயமில்லை. வளர்ந்த பின்னர்ப் பிஷர் பிறந்த ஊரிலேயே இயந்திரப் பட்டறை ஒன்றை நிறுவினார்.

அச்சுக்கும் குடத்துக்கும் இடையே குண்டுகளை இட்டால் உராய்வு குறையும் என்பதை அறிஞர் முன்னரே உணர்ந்திருந்தனர். வேல்சு நாட்டில் பிலிப் வாகன் என்பவர் 1794-லேயே வண்டி அச்சுக்கு இவ்வமைப்பை வகுத்து உரிமை பெற்றார். பிரெஞ்சு நாட்டில் சூரிரே என்பவர் 1869-இல் மிதிவண்டிக்கென அதற்கு உரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் பாரிசு நகரிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றதற்கு இத்தகைய குண்டுகள் பொருத்திய வண்டியும் துணைநின்றது எனக் கூறுவர்.

பயன் தெரிந்தும் குண்டுகள் பரவாமைக்குக் காரணம் என்ன? அவற்றைச் செய்யும் அருமையே காரணமாகும். எஃகினைக் கடைந்து உருண்டையாக்குதல் கூடும். ஆனால் அது நெடுநாள் உழைக்க வேண்டுமாயின், நெருப்பிலிட்டுக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்துக் கடினமாக்க வேண்டும். அவ்வாறு செய்யுங்கால் உருவம் சிறிதே திரியும். கடினமான பின் அதனைக் கடைதலும் அரிது. ஒரு குடத்திலுள்ள குண்டுகளுள் ஒன்று மயிரிழை பருத்திருப்பினும் ஏனையவை சுமக்க வேண்டிய பாரத்தை அஃது ஒன்றே சுமக்கும். அதனால் அக்குண்டும் நொறுங்கும். அது உருளும் பாதையும் குழிவிழும். ஆகவே குண்டுகள் உருண்டையாய் இருந்தால் மட்டும் போதாது. அனைத்தும் ஒரே அளவினவாயும் இருத்தல் வேண்டும்.

இக்குறையை நீக்கும் வழியைப் பிஷர் நெடிது சிந்தித்தார். 1883-ஆம் ஆண்டில் கடினமாக்கிய குண்டுகளை அரைக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். பல குண்டுகள் அதனுள் ஒருங்கே புரளும். அவை எல்லாத் திசையிலும் புரளுவதால் மேடான இடங்கள் முதலில் தேயும். பருத்தவை முன்னரும் சிறுத்தவை பின்னரும் அரைக்கப்பெறும். இறுதியில் அனைத்தும் வடிவாலும் அளவாலும் ஒன்றுபோல வெளிவரும். ஒவ்வொன்றாகக் கையால் முடிக்க இயலாத வேலையை இயந்திரம் திரள்திரளாகச் செய்து தந்தது. குண்டுகளின் விலை குறைந்தது. மிதிவண்டித் தொழில் தழைத்தது.

எனினும் ஆக்கம் வருமிடத்தே போட்டியும் வருதல் உலக இயல்பன்றோ? பிஷரிடம் பணிபுரிந்த வில்ஹெல்ம் ஹோப்லிங்கர் 1890-இல் பிரிந்து சென்று, மற்றொருவருடன் கூடி அவ்வூரிலேயே வேறொரு குண்டுத் தொழிற்சாலை தொடங்கினார். பிஷர் அவ்வாண்டிலேயே தம் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். 1895-இல் எர்ன்ஸ்ட் சாக்ஸ், கார்ல் பிக்டல் என்னும் இருவர் அங்கேயே மிதிவண்டிக் குடங்கள் செய்யும் தொழிற்சாலையைக் கண்டனர். பிஷரும் தம் ஆலையைப் பெரிதாக்கினார். ஆனால் அதன் முழுப் பயனையும் கண்ணால் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1899-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், தம் ஐம்பதாம் அகவையில், அவர் இயற்கை எய்தினார். 1909-இல் அவர்தம் ஆலையைக் கேயார்க் ஷேபர் என்பவர் வாங்கி வளர்த்தார்.

மிதிவண்டிக்காகப் பிறந்த குண்டு தானியங்கியிலும் வானூர்தியிலும் ஆலைப்பொறிகளிலும் இடம்பெற்றது. அதுவே அவ்வூருக்குத் தீங்காகவும் வந்து முடிந்தது. இரண்டாம் உலகப் போரில், 1943 ஆகஸ்டு 17-ஆம் நாளும் அக்டோபர் 14-ஆம் நாளும் அமெரிக்க வானூர்திகள் ஷ்வைன்பூர்ட்டின் மீது குண்டுமழை பொழிந்தன. அவ்வூர் ஆலைகள் நின்றால் பகைவரின் பொறிகளும் நிற்கும் என எண்ணியே அங்ஙனம் தாக்கினர். மக்கள் நலத்திற்கென எழுந்த பொருள் அழிவுக்கும் கருவியாதல் இரங்கத்தக்கது.

இக்காலத்து மிதிவண்டிகள் பலவற்றில் குண்டுகளை உதிரியாக இடுவதில்லை. உள்வளையம், வெளிவளையம், இடையே குண்டுகள், நீர் புகாத மூடி ஆகிய யாவும் ஒன்றாக அமைந்த 'பேரிங்' அப்படியே குடத்தில் பொருத்தப்படுகிறது. அது தேய்ந்தால் குண்டுகளை மட்டும் மாற்றாமல் முழுவதையும் மாற்றுவர். முதலில் அச்சை நீக்கிப் பழையதைத் தட்டி வெளியே எடுப்பர். பின்னர் இருக்கையைத் துடைத்து, பழையதன் மேல் பொறித்த எண்ணுக்கு ஒத்த புதியதை நேராக அழுத்தி ஏற்றுவர். அவ்வாறு அழுத்தும்போது வெளிவளையத்தின் மீதே விசை படவேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் அவ்விசை குண்டுகளின் வழியே சென்று, புதிய பேரிங்கைப் பூட்டும்போதே பழுதாக்கிவிடும். கருவி மாறினும், பிஷர் வற்புறுத்திய நுட்பமும் செம்மையும் இன்றும் மாறவில்லை.

மாணவர்களே, குடத்தினுள் கிடக்கும் குண்டு எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஆயினும் அது செம்மையாய் இருந்தால்தான் சக்கரம் உருளும். ஊர்திகளின் வேகத்தைப் போற்றும் உலகம் அதனுள் அடங்கிய குண்டை எண்ணுவதில்லை. அதனைச் செம்மை செய்த பிஷரையும் எண்ணுவார் சிலரே. சிறிய பொருளையும் செம்மையாகச் செய்து முடிப்பதே பெரும்பணி என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. புகழ் கருதாது இத்தகைய பணிகளை ஆற்றுவோர் நம் தெருவிலும் உளர். அவர்களை மதித்தலும், நம் கடமையை அவர்போல் நுட்பமாக ஆற்றுதலும் நாம் கொள்ள வேண்டிய நெறிகளாம்.