எம்மி நோதர்

ஜெர்மனி நாட்டு எர்லாங்கன் நகரில் 1882-ஆம் ஆண்டு தோன்றியவர் எம்மி நோதர் அம்மையார். பெண்டிர் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர இயலாத காலத்தில், ஆசிரியர்தம் இசைவு பெற்றுப் பாடங்கேட்டார். 1907-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் எய்தினார். பல்லாண்டு ஊதியமின்றியே கற்பித்தார்.

1933-இல் ஹிட்லரின் ஆட்சி, யூதர் என்னும் காரணத்தால் அவரைக் கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பணியினின்றும் நீக்கியது. அம்மையார் உளந்தளர்ந்திலர், தம் இல்லத்திலேயே மாணாக்கரைக் கூட்டிப் பாடம் நடத்தினார்.

இடருற்ற ஜெர்மானிய அறிஞர்க்கு உதவுதற்பொருட்டு அவ்வாண்டே நியூயார்க்கில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவும் ராக்பெல்லர் அறநிலையமும் ஈந்த பொருளுதவியால், அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரியில் அவர் ஆசிரியப்பணி ஏற்றார். இரண்டாண்டு நிரம்புமுன், 1935-இல் உயிர் நீத்தார். எனினும், இறுதிவரை கற்பிக்கும் பேறு அவர்க்கு வாய்த்தது.

மாணவர்களே! புகலற்ற அறிஞர்க்கு இடமளித்தல் கல்வியையே காத்தலாகும்.