லைக்கன் ஆய்வின் தந்தை எரிக் அக்காரியஸ்

கறிக்கு மணம் சேர்க்கும் கல்பாசியை நாம் அறிவோம். அது லைக்கன் என்னும் உயிர்வகையைச் சார்ந்தது. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் இவ்வுயிர்களை முறையாக வகைப்படுத்திய பேரறிஞர் எரிக் அக்காரியஸ் ஆவார்.

இவர் 1757ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் யெவ்லே நகரில் பிறந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் மேதை லின்னேயசிடம் பயின்றார். 1776இல் அம்மேதையின் முன்னிலையில் ஆய்வுரை நிகழ்த்திய கடைசி மாணவர் இவரே. பின்னர் வாட்ஸ்டெனா என்னும் சிறு நகரில் மருத்துவரானார். நோயாளிகளுக்குத் தொண்டு புரிந்துகொண்டே லைக்கன்களையும் ஆராய்ந்து வந்தார்.

லின்னேயஸ் லைக்கன்கள் அனைத்தையும் ஒரே பேரினத்துள் அடக்கியிருந்தார். மாணவரோ அவற்றின் உடலமைப்பையும், வித்துகள் தோன்றும் சிறு கிண்ணங்களையும் உற்றுநோக்கி, பல பேரினங்களாகப் பிரித்தார். 1803, 1810ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இவருடைய நூல்கள் இத்துறைக்கு அடித்தளமாயின. 1819இல் இவர் மறைந்தார்.

பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்வதே லைக்கன் என்னும் உண்மை, ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. இன்று மரபணுச் சோதனையும் துணை நிற்கின்றது. மத்திய, தென் அமெரிக்க நாடுகளில் வளரும் ஒரு லைக்கனை அறிஞர்கள் நெடுங்காலம் ஒரே இனமென்று எண்ணியிருந்தனர். அதனுள் குறைந்தது 126 இனங்கள் உள்ளன என்று 2014இல் மரபணுச் சோதனை காட்டியது. மீண்டும் கூர்ந்து நோக்கியபொழுது, அவற்றுள் பலவற்றின் உருவ வேறுபாடு கண்ணுக்கும் புலனாயிற்று.

ஆகவே, கருவிகள் எத்துணை பெருகினும் உற்றுநோக்கும் பழக்கம் இன்றியமையாதது. எளியதென்று எதனையும் புறக்கணியாமல், பொறுமையுடன் நோக்கி அறியும் பண்பை நாமும் வளர்த்துக்கொள்வோமாக.